மூன்றாவது சிலிண்டர்

மறுபடியும் அதே இடத்தில் முட்டி நின்றது. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த அம்சவேணி, கிராங்க் போல்ட்டில் மாட்டிய ஸ்பானரை விடாமல் மூச்சை மட்டும் விட்டாள். முன்னுக்குச் சுற்றினால் இன்ஜின் வழுக்கிக்கொண்டு வருகிறது, வருகிறது, இந்த இடத்துக்கு வந்ததும் டக். பின்னுக்குச் சுற்றினால் ஏறக்குறைய முழுச் சுற்றும் ஒழுங்காக வந்து, மறுபக்கமாக அதே இடத்தில் டக். உள்ளே இருக்கக்கூடாத எதுவோ இருக்கிறது. ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன்னால் கையால் ரெண்டு சுற்று சுற்றிப் பாருங்கடா என்று பாலிடெக்னிக்கில் வருஷக்கணக்காகப் பையன்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவள் அவள். அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் சுற்றினாள். சுற்றாமல் பட்டனை அமுக்கியிருந்தால் பிஸ்டனோ வால்வோ போயே போயிருக்கும். ஆனால் சுற்றியதால் மட்டும் என்ன வாழ்கிறது? பதினொரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். அழைத்திருப்பவர் மோகனசுந்தரம், அவள் புருஷன், நூல் மில்லில் சேல்ஸ் மேனேஜர், இன்ஜினுக்கு ஆயில் எந்த வாய் வழியாக ஊற்றுவது என்று இன்றுவரை தெரியாதவர். பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரமாக அவர் தம்பட்டம் ஓயவில்லை. ‘என்ற ஹாட் ராட் ஞாயித்துக்கிழமை மொதல் ஸ்டார்ட். அல்லாரும் குடும்பத்தோட வந்து சிறப்பிக்கோணும்.’ என்னமோ காதுகுத்துக்கு அழைக்கிற மாதிரி. வந்தவர்கள் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, சாமி காலடியில் இருக்கும் சாவியை எடுத்துவந்து, அவர் ஸ்டார்ட் பண்ணுவாராம். பன்னிரண்டுக்கு எமகண்டம் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டுமாம். சரி, பண்ணட்டும். ஓடினால் அது மோகனசுந்தரத்தின் வண்டி. ஓடாவிட்டால் அம்சவேணி கட்டிய இன்ஜின். இதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

ஸ்பானரை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் ஆயில் தொட்டி, அவள் கையால் தேய்த்துப் பெயின்ட் அடித்தது. ஹாட் ராட் என்றால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. பழைய காரை எடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டையும் பானட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, அதன் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய இன்ஜினைத் தூக்கி வைத்தால் அது ஹாட் ராட். சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். ‘இத ரோட்டுல ஓட்ட உடமாட்டாங்களே, அப்புறம் என்னத்துக்கு?’ என்னத்துக்கு! வருஷா வருஷம் கொலு வைக்கிறார்களே, அந்தப் பொம்மைகளை ரோட்டில் ஓட்டவா வைக்கிறார்கள்? டிப்ளமோ படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து உட்கார ஆள் இல்லாமல் லைப்ரரிக்குப் போவாள். அங்கே ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையில் பக்கம் முழுக்க ஒரு கார். அதன் மூஞ்சியே இன்ஜின்தான். குழாய், பெல்ட், ஒயர், போல்ட், ஒன்றையும் மூடி வைக்கவில்லை. யார் கட்டினானோ அவன் கை வேலை நடுத்தெருவில் தெரிகிறது, சரியாகச் செய்திருந்தாலும் தெரிகிறது, சொதப்பியிருந்தாலும் தெரிகிறது. அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை. கிழித்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அப்புறம் கல்யாணம், பிள்ளை, வேலை, பிள்ளையின் கல்யாணம். எல்லாம் முடிந்து ஒருநாள் பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் இந்த மாரிஸ் மைனரைப் பார்த்தாள். கூரையில் ஓட்டை. பின்சீட்டில் ஒரு நாட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து சேஸிஸைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பண்ணைக்காரர் அவளைத் தாண்டி, வேப்ப மரத்தடியில் போன் பேசிக்கொண்டு நின்ற மோகனசுந்தரத்திடம் போனார். ‘சார், வண்டிய நீங்களே எடுத்துக்கங்க, ஆனாக் குஞ்சு பொரிச்சதுக்கப்புறம் எடுத்துக்கங்க.’ கோழிக்குக் கொடுத்த மரியாதைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. சிரித்தாள் என்பதே இப்போது எரிச்சலாக இருக்கிறது.

சார் எங்கீங்க. சார் எங்கீங்க. சார் வல்லீங்களா. இந்த இரண்டு வருஷத்தில் பெட்ரோல் வாசனையைவிட அதிகமாக அவள் மண்டையில் ஏறியது இந்தக் கேள்விதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிளட்ச் பிளேட் கேட்டால் கடைக்காரர் தேடிக்கொண்டே ‘சார் அனுப்புனாருங்களா?’ என்பார். கியர்பாக்ஸைக் கொண்டுவந்து இறக்கிய டெம்போக்காரர் ‘சார் வரட்டுமுங்க, எங்க வெக்கறதுன்னு கேட்டுட்டு எறக்கறேன்’ என்று பீடி பற்றவைத்தார். சார் அப்போது மில் வேலையாகத் திருப்பூரில் இருந்தார். இதெல்லாம் போகட்டும், வெறும் வாய் வார்த்தை. கணபதி லேத் பட்டறையில் நடந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இது பழைய கான்டெஸா காரின் இன்ஜின், சிலிண்டர் தேய்ந்திருந்தது, கொஞ்சம் குடைந்து பெரிதாக்கி அந்த அளவுக்குப் பிஸ்டன் போட வேண்டும். ஈரோடு, சேலம் என்று அலைந்து இருபது சைஸ் பிஸ்டன் நாலும் வாங்கிவிட்டாள். பட்டறைக்காரரிடம் நேரில் நின்று, இருபது, இருபது என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த மனுஷன் என்ன செய்தார்? ‘எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை’ என்று மோகனசுந்தரத்துக்குப் போன் போட்டார். இவர் மீட்டிங்கில் இருந்தார். ‘சார், இருபதுல அடிக்கட்டுங்களா, நாப்பதுல அடிக்கட்டுங்களா?’ தெரியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ‘எது நல்லாருக்குமோ அதுல அடிச்சுருங்க!’ நாற்பதில் அடித்துவிட்டார். குடைந்த சிலிண்டர் திரும்பச் சிறிதாகுமா, வெட்டிவிட்டால் வளர்வதற்கு அதென்ன தலைமுடியா? அப்புறம் உள்ளே ஸ்லீவ் என்று ஒரு இரும்புக் குழாயை இறக்கி, மறுபடி குடைந்து, மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. அதிலும் உச்சம் இன்னொன்று. பட்டறைக்காரர் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. யாரிடம் கேட்டார்? சாரிடம். சார் பெருந்தன்மையாக மன்னித்தார். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். கூரையை வெட்டி வெல்டு வைத்ததில் கதவு சேராமல் போனதே, அது அவள் தப்பு. அதற்கு அவள் யாரையும் நொந்துகொள்ளவில்லை, பிரித்தாள், ஒட்டினாள், மறுபடி பிரித்தாள். சொந்தத் தப்பைச் சரிபண்ணுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மற்றவர் தப்புக்குக் காபி போடுவதில் என்ன இருக்கிறது?

“அம்சு!” சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “குக்கர வெச்சரட்டுமா?”

“அரிசி ஊறட்டுமுங்க. நான் வந்து வெக்கறேன்.”

“எத்தன விசில் உடோணும்?”

“மூணு.”

“எண்ணீட்டே நிக்கோணுமா?”

வருகிற கூட்டத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு போதும், சிம்பிளா இருக்கட்டும் என்று முடிவுசெய்தவர் அவர்தான். சிம்பிளை ஆக்குவது யார் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. அறுபதாம் நம்பர் நூலுக்கும் எண்பதாம் நம்பர் நூலுக்கும் விரலால் தடவியே வித்தியாசம் சொல்கிற மனுஷன், மூணு விசிலை எண்ண முடியாதா? முடியும். எண்ண வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை, அவ்வளவுதான். கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையில் முடிந்துவிடும். இவர் போர்டிகோவை விட்டுக்கொடுத்தார், தன் காரை வெயிலில் நிறுத்துகிறார், அவள் கையில் வெட்டுப்பட்டபோது பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். டாக்டரிடம் ‘எங்க ப்ராஜெக்ட்டுங்க டாக்டர், ஹாட் ராட்’ என்று போனில் படம் காட்டினார். தையல் விழுந்துகொண்டிருந்த கை அவளுடையது.

சாக்கிலிருந்து புரண்டு எழுந்தாள். முட்டி இரண்டும் நெட்டி முறித்தன. நைட்டிக்கு மேல் மாட்டியிருந்த பாலிடெக்னிக் காக்கிக் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு பிளக் ஸ்பானரை எடுத்தாள். கோபத்துக்கு அடியில் இன்னொன்று நெளிந்துகொண்டே இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் லேத்காரரையும் டெம்போக்காரரையும் திட்டிக்கொண்டிருந்தாள் போல. அந்த வாஷர். இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி வண்டிக்குள் இறக்கிய அன்று ஒரு ஸ்பிரிங் வாஷரைக் காணவில்லை. போர்டிகோ முழுக்கத் தவழ்ந்து தேடினாள். கிடைக்கவில்லை, வேறொன்று போட்டுக்கொண்டாள். அது உள்ளே விழுந்திருந்தால்? எந்த வழியாக விழும், பிளக் எல்லாம் போட்டாயிற்றே. போட்டது அதற்கு முன்பா பின்பா? முன்பு. முன்புதானா? முதல் வருஷப் பையன்களிடம் என்ன சொல்வாள்: கழற்றினதை எண்ணி வை, கண்ணை நம்பாதே. இன்றைக்கு அவள் நம்புவதற்குக் கண்கூட இல்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். வெறும் விரல்நகம் அளவு இரும்பு, அது போதும். பதினொரு மணிக்கு வந்து நிற்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நாகரிகமானவர்கள். ஆளுக்கொரு பார்வை பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் மோகனசுந்தரத்தின் தோளில் கைபோட்டு, ‘நம்ம மெக்கானிக் ராஜுகிட்டக் குடுத்திருந்தா ஒரே வாரத்துல முடிச்சிருப்பான், வீட்டுல எதுக்கு ரிஸ்க்கு?’ என்பார். வீட்டுல என்றால் அவள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் சொல்லப்போகிற ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்கள் மனசுக்குள் பதில் வைத்திருப்பார்கள். திங்கட்கிழமை அது குரூப்பில் சுற்றும். அதற்கப்புறம் இந்த வண்டியில் அவள் ஸ்பானரை வைக்க விடமாட்டார்கள், அன்பாகவே விடமாட்டார்கள், ‘நீ ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட அம்சு, இனி மெக்கானிக் பாத்துக்குவான்’ என்று.

நாலு பிளக்கும் வெளியே வந்தன. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஒவ்வொரு ஓட்டையாக விட்டுப் பார்த்தாள். பிஸ்டன்களில் ஒன்றும் நாலும் சேர்ந்து ஏறும், இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறும். முட்டுகிற இடத்தில் இரண்டும் மூன்றும்தான் மேலே வருகின்றன. பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு இரண்டில் தடவினாள், சுத்தம். மூன்றில் கம்பியின் நுனியில் எதுவோ தட்டுப்பட்டு நகர்ந்தது. காந்தக் குச்சியை விட்டு மெதுவாகச் சுழற்றி எடுத்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி விட்டாள். ஒட்டவில்லை. அப்படியென்றால் இரும்பு இல்லை, வாஷர் இல்லை. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி, இரும்பு இல்லையென்றால் அலுமினியம், அலுமினியம் என்றால் பிஸ்டனே உடைந்து ஒரு சில்லு என்று மனசு அடுத்த குழிக்குள் போய் விழுந்தது. இல்லை, உடைந்திருக்காது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவளே சுற்றிப் பார்த்தாள், வெண்ணெய் மாதிரி சுற்றியது. அதற்கப்புறம் இன்றுவரை யாரும் அதைச் சுற்றவில்லை. பிளக் ஓட்டை நாலிலும் துணி சுருட்டி அடைத்து வைத்திருந்தாள், தூசி போகக்கூடாது என்று. பூஜை முடிந்து மறுநாள் பிளக் போட வந்தபோது துணி? துணி இல்லை. ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. நாம்தான் எடுத்திருப்போம் என்று நினைத்துப் போட்டுவிட்டாள். எடுத்தாளா? எப்போது எடுத்தாள்?

எங்கே எடுத்திருப்பாள், பூஜை அன்றைக்கு அவளை இந்தப் பக்கமே விடவில்லையே! காலையிலிருந்து சமையலறையில் சுண்டல், கேசரி, வருகிறவர் போகிறவருக்குக் காபி. முந்தின நாள் அத்தனை ஸ்பானரையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கியது அவள். ஸ்டாண்டில் நின்ற இன்ஜினைப் பளபளவென்று தேய்த்தது அவள். விடிந்ததும் குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் கற்பூரத் தட்டோடு நின்றது அவர். நோகாமல் நோம்பி கும்பிடுவது என்பார்களே, கண்ணுக்கு நேராக அதுதான். அவள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்து, “நானும் ஒரு பொட்டு வெச்சர்றேனுங்க” என்றபோது அவர் எவ்வளவு பிரியமாகச் சொன்னார்! “உன்ற ஆயுதத்துக்கெல்லாம் அங்கயே வெச்சுட்டேன் பாரு.” திரும்பிப் பார்த்தாள். அரிவாள்மனைக்குச் சந்தனம் குங்குமம். மிக்சிக்குச் சந்தனம் குங்குமம். ஆட்டோக்காரர் ஆட்டோவுக்குக் கும்பிடுகிறார், தையல்காரர் மெஷினுக்குக் கும்பிடுகிறார், படிக்கிற பிள்ளை புத்தகத்துக்குக் கும்பிடுகிறது. அவரவர் எதைத் தொட்டுப் பிழைக்கிறார்களோ அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாள் அது. அவள் ஸ்பானரைத் தொட்டு அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளுக்கு மிக்சி. காலேஜில் புதுப் பையன்கள் பழக்கதோஷத்தில் அவளைச் சார் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற விவரம்கூட இந்த வீட்டுச் சாமிக்கு இல்லை. அன்றைக்குக் கேசரியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினாள், திகட்டட்டும் என்று. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டார்கள்.

வெல்டிங் ராடு ஒன்றை எடுத்து நுனியை வளைத்து, கெட்டி கிரீஸ் ஒரு உருண்டை அப்பி, மூன்றாவது ஓட்டைக்குள் விட்டாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தொட்டது. ஒட்டியது. மேலே வரும்போது வழுக்கி விழுந்தது. வாய்க்குள்ளேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், பாலிடெக்னிக்கில் கற்றுக்கொண்டது. மறுபடி. இந்தமுறை அவசரப்படாமல், பிள்ளையின் காதிலிருந்து பூச்சி எடுப்பது மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஓட்டையின் விளிம்பில் ஒரு திருப்புத் திருப்பினாள். வந்தது. உள்ளங்கையில் போட்டு கிரீஸை வழித்தாள். அலுமினியம் இல்லை. பழுப்பாக, கோடு கோடாக, ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் கல் மாதிரி. மடிப்பில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள். ஆயில் வாசனைக்கு அடியில் துவர்ப்பு வாசனை.

பாக்கு. பாக்குவெட்டியில் நறுக்கிய கொட்டைப்பாக்கில் ஒரு துண்டு. மடிப்பில் இருந்தது குங்குமம்.

அவளுக்கு உடனே அந்தப் படம் ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் அவர் அனுப்பிய படம், வாட்ஸப்பில் முகப்பாகவே வைத்திருக்கிற படம். கற்பூரத் தட்டோடு அவர், மாலை போட்ட இன்ஜின், அதன் மேல் வரிசையாக நாலு வெற்றிலை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாக்கு. அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! பார்க்கும்போதெல்லாம் அதில் தான் இல்லை என்பதை மட்டுமே பார்த்திருக்கிறாள். வெற்றிலை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. ரெண்டு வருஷ உழைப்பு, ராத்திரி பகல் பாராமல் நினைத்து நினைத்துக் கட்டிய இன்ஜின், ஒரு பாக்குத் துண்டால் போகப் பார்த்தது. போயிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும்? பயம் போயே போயிற்று. இப்போது கோபம் மட்டும்தான் இருந்தது, அது நல்ல சுத்தமான கோபமாக இருந்தது. பாக்கை உள்ளங்கையில் வைத்தபடி சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

மோகனசுந்தரம் இஸ்திரி போட்ட சட்டையில், குக்கரை மரியாதையான தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்னங்க?”

“பாக்கு.”

“எங்க இருந்துச்சு தெரியுமா? மூணாவது சிலிண்டருக்குள்ள.”

அவர் பாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அட! வெத்தல சரிஞ்சு அங்கயா போச்சு! நாலு ஓட்ட இருந்துச்சா, சரி, ஓட்டைக்கு ஒரு வெத்தல ஒரு பாக்குன்னு வெச்சேன். நீ அழுக்குத் துணியத் திணிச்சு வெச்சிருந்த, சாமிக்கு முன்னால அது என்னத்துக்குன்னு எடுத்துப்போட்டேன். அப்புறம் எடுக்கறப்ப மூணு பாக்குத்தான் இருந்துச்சு. அணில் தூக்கீட்டுப் போயிருச்சுன்னு நெனச்சேன்.” வாய்விட்டுச் சிரித்தார். “சாமி பிரசாதந்தான அம்சு, அது ஒண்ணும் கெடுதல் பண்ணாது. நல்ல கதையாச்சு பாரு, வர்றவங்ககிட்டச் சொல்றதுக்கு!”

கதையையும் எடுத்துக்கொண்டார். சிலிண்டரை எடுத்துக்கொண்டார், ஸ்பானரை எடுத்துக்கொண்டார், சாமியை எடுத்துக்கொண்டார், இப்போது இதையும். அணிலாம்! இந்த வீட்டில் எது காணாமல் போனாலும் அதற்கு ஒரு அணில் வந்துவிடும். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ‘டென்ஷன் ஆகாத, நான் பாத்துக்கறேன்’ என்பார். அவர் பார்த்துக்கொள்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“செரி செரி, மணியாச்சு,” என்றார் அவர். “நீ குளிச்சுப்போட்டு நல்ல சேலையாக் கட்டிக்க. இந்தக் கோட்டோட நிக்காத, வர்றவங்க என்ன நெனப்பாங்க. அப்பிடியே ஒரு வெத்தலத் தட்டு எடுத்து வெச்சுரு.”

அம்சவேணி பாக்கைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். குக்கரை அடுப்பில் ஏற்றி, மூடியை இறுக்கி, வெயிட்டை வைத்து, கேஸைப் பற்றவைத்தாள். குரலைத் தணித்து, காலேஜில் கம்ப்ரெஸர் பக்கத்தில் பையன்களை நிறுத்தும்போது பேசுகிற குரலில் சொன்னாள்: “நல்லாக் கேட்டுக்கங்க. மூணு விசில். எண்ணிப்போட்டு அணைக்கோணும். ரெண்டுல அணைச்சாப் பருப்பு வேகாது, நாலுல அடிபுடிச்சிரும். அடிபுடிச்சா வர்ற அத்தன பேருக்கும் சோறு கெடையாது. இந்த எடத்த உட்டு நகரப்படாது, யாரு வந்தாலுஞ் செரி.”

“நகரமாட்டேன்,” என்றார் மோகனசுந்தரம். உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

வெயில் போர்டிகோவுக்குள் வந்துவிட்டிருந்தது. நாலு பிளக்கையும் துடைத்துக் கையால் திருகி, ஸ்பானரால் இறுக்கினாள். ஒயர்களை வரிசைப்படி மாட்டினாள், ஒன்று மூன்று நாலு இரண்டு. சாக்கில் படுத்து கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள். சுற்றினாள். வருகிறது, வருகிறது, இந்த இடம்தான், பல்லைக் கடித்துக்கொண்டாள், அந்த இடம் தாண்டிப் போய்விட்டது. இன்னொரு சுற்று. கம்ப்ரெஷனின் இதமான எதிர்ப்பு மட்டும் கைக்குத் தெரிந்தது. இன்னொரு சுற்று, தேவையே இல்லாமல், ஆசைக்கு. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் அப்படியொரு சந்தோஷம். வெளியே வந்து பேட்டரியை இணைத்தாள். சாவி? சாவி பிள்ளையார் காலடியில் இருக்கிறது, சந்தனப் பொட்டோடு. இருக்கட்டும். இந்த வண்டியின் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துக் கட்டியவள் அவள், எந்தச் சிவப்பு எந்தப் பழுப்பைத் தொட்டால் உயிர் வரும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தாள். இதுவரை இந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அளவு பார்க்க உட்கார்ந்திருக்கிறாள், போல்ட் முடுக்க உட்கார்ந்திருக்கிறாள். உட்காருவதற்காக உட்காரவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கினாள். விளக்கு எரிந்தது. குளிக்கவில்லை, சேலை மாற்றவில்லை, எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. பட்டனை அமுக்கினாள்.

முதலில் இருமியது. இரண்டாவது தடவை தும்மியது, கார்புரேட்டர் வழியாகப் புகை கக்கியது. அவள் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து மறுபடி அமுக்கினாள். மூன்றாவது தடவை நாலு சிலிண்டரும் ஒன்றாக உறுமிக்கொண்டு எழுந்தன. போர்டிகோ கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, எதிர்வீட்டு நாய் குரைத்துக்கொண்டே பின்வாங்கியது, சீட்டு, ஸ்டியரிங், அவள் கடைவாய்ப் பல் எல்லாம் அதிர்ந்தன. இன்ஜின் மேல் காய்ந்திருந்த சந்தனப் பொட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்து பறந்தன. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், யார் பார்த்தால் என்ன. மூன்றாவது சிலிண்டரை மட்டும் காதால் தனியாகப் பிரித்துக் கேட்டாள். மற்ற மூன்றோடும் சேர்ந்து ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

சமையலறை ஜன்னலில் மோகனசுந்தரத்தின் முகம் தெரிந்தது. ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் பிடிதுணி. “அம்சு! சாவி இல்லாம எப்பிடி? நிறுத்து, நிறுத்து, ஆளுக வரட்டும்!” என்பது மாதிரி வாய் அசைந்தது. வாசலுக்கு ஓடிவர ஒரு அடி எடுத்துவைத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே விசில் அடித்திருக்க வேண்டும். திடுக்கிட்டுத் திரும்பியவர், விரலை மடக்கி எண்ணிக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே இரண்டு பழைய கார்கள் வந்து நின்றன. முன்னதிலிருந்து வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் இறங்கி, கேட்டைத் தானே திறந்துகொண்டு, சத்தம் வந்த திசையில் மயங்கினவர் மாதிரி நடந்து வந்தார். இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று குழாயைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், மூடியில்லாத அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து போர்டிகோவைச் சுற்றிலும் தேடினார், காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கடைசியில் கார் ஜன்னல் வழியாக அவளிடம் குனிந்து, இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

“மேடம், சார் எங்கீங்க?”

அம்சவேணி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அப்போதுதான் பேச்சு காதில் விழும். இன்ஜின் தணிந்து, சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“சமையக்கட்டுல, குக்கருக்குக் காவல் நிக்கறாருங்க,” என்றாள். “வண்டியப் பத்தின்னா எங்கிட்டக் கேளுங்க.”